அந்த ஏழு பிக்கப்பையும் நான் யாருக்கு விற்றேன்?

வாகன விற்பனைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, போன மாதம் உங்களில் மூன்று பேர் ஒரே கேள்வியோடு எனக்குத் தொலைபேசி எடுத்தீர்கள். தனி ஆட்களுக்கு வாகனம் விற்கும் பிரிவிலிருந்து நிறுவனங்களுக்கு மொத்தமாக விற்கும் பிரிவுக்கு மாறச் சொல்கிறார்கள், போகலாமா, விடலாமா என்று கேட்டீர்கள். ஒருவரிடம் போ என்றேன். ஒருவரிடம் வேண்டாம் என்றேன். மூன்றாவது ஆளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுக் கதையை மாற்றிவிட்டேன். நீங்கள் மூன்று பேரும் பிறகு சந்தித்துக் கதைத்து, "அன்ரிக்கு ஏதோ குழப்பம்" என்று சிரித்ததாகக் கேள்விப்பட்டேன்.

சரிதான், எனக்குக் குழப்பம்தான். ஓய்வு பெற்ற பிறகும் அது தீரவில்லை. அதனால் புத்திமதி சொல்லாமல் நடந்ததை எழுதித் தருகிறேன். முடிவை நீங்களே எடுங்கள்.

நான் ஒஸ்லோவின் வடக்குப் பக்கம் இருந்த ஒரு விற்பனை நிலையத்தில் வேலை செய்தேன். முதலில் அங்கே தரை துடைத்தேன். பிறகு வாகனத் திருத்தகத்தின் வரவேற்பு மேசையில் இருந்தேன். அதன் பிறகுதான் விற்பனை. கடைசிப் பத்து வருடமும் எனக்குக் கிடைத்தது பின்னால் திறந்த பெட்டி வைத்த பெரிய அமெரிக்க பிக்கப் வண்டிகள். நான் ஐந்தடிக்கும் குறைவு. அந்த வண்டிகளின் முன்மூடி என் தலைக்குச் சமமாக நிற்கும். ஹொல்ம்லியாவிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் தங்களுக்கு இதை விற்கப் போகிறாள் என்று தெரிந்ததும் சில நோர்வேக்காரர்கள் என்னைத் தாண்டி வேறு யாரையோ தேடுவார்கள். நான் வண்டியின் பக்கப் படியில் ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "வா, ஏறு" என்பேன். பாதிப் பேருக்கு அதோடு சரி.

தனி விற்பனை எனக்கு விளங்கிய தொழில். வருபவர் தன் ஆசையோடு வருவார். என்ன வேலைக்கு என்று கேட்டால் பாதி உண்மையும் பாதி கற்பனையுமாகச் சொல்வார். இரண்டையும் பிரித்தெடுப்பதுதான் என் வேலை.

அப்படி வந்தவர்களில் ஒருவன் சிவநேசன். வெஸ்ட்லியில் இருந்தான். கல்யாணங்களுக்கு மணவறை போடுகிறவன். எட்டடி உயரமான பொன்னிறத் தூண் ஒன்றை ஒரு நண்பனின் வான் வண்டியில் கட்டிக்கொண்டு நேரே காட்சிக் கூடத்துக்குள் வந்துவிட்டான்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. இது கிடக்குமெண்டால் வாங்குவன். கிடக்காட்டி வீட்டை போவன்" என்றான்.

தூணை பிக்கப்பின் பின்பெட்டியில் மூலைக்கு மூலை படுக்க வைத்தோம். கிடந்தது. வாங்கினான். ஆனால் ஒரு வருடம் கழித்து வந்து தலையில் கை வைத்தான். ஒரு கல்யாணத்துக்கு எல்லாத் தூணையும் மேடைப் பலகையையும் ஏற்றிக்கொண்டு போகும்போது வீதியில் அதிகாரிகள் மறித்து வண்டியை நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். நிறை கூடிவிட்டது.

இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த வண்டிகளின் எலும்பு பெரியது. எவ்வளவும் தூக்கும். ஆனால் சாதாரணக் கார் லைசன்ஸோடு ஓட்டுவதென்றால், வண்டியும் ஆட்களும் சாமானும் சேர்ந்து மூன்றரைத் தொன்னைத் தாண்டக்கூடாது என்று வண்டியின் பதிவுப் பத்திரத்தில் எழுதுவார்கள். வண்டியே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். மிச்சம் சொற்பம். சிவநேசன் ஒரு சின்ன ரெயிலர், அதாவது இழுத்துச் செல்லும் பெட்டி, வாங்கிப் பின்னால் கொழுவினான். சின்ன ரெயிலருக்கு அதே லைசன்ஸ் போதும். நிறை பிரிந்துவிடும். பிரச்சினை தீர்ந்தது. "வண்டிக்குத் தூக்கத் தெரியும், காகிதத்துக்குத்தான் தெரியாது, என்னக்கா" என்று சிரித்தான்.

நிறுவனப் பிரிவில் இருந்தவர் திடீரென்று விலகிப் போனபோது மேலாளர் என்னை அங்கே மாற்றினார். "ஒருத்தருக்கு ஒண்டு விற்கிற நேரத்தில ஒருத்தருக்கு ஏழு விற்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். நான் நம்பினேன்.

முதலாவது பெரிய வாடிக்கையாளர், மின்கம்பிகளுக்குப் பக்கத்தில் மரம் வெட்டித் துப்புரவாக்கும் ஒரு நிறுவனம். அவர்களின் கொள்வனவுப் பொறுப்பாளர் ரண்டி. என் வயதுப் பெண். மெல்லிய குரல், சுத்தமான பட்டியல். ஏழு வண்டிகள், எல்லாம் வெள்ளை, ஒவ்வொன்றிலும் என்னென்ன இருக்க வேண்டும், என்னென்ன வேண்டாம் என்று வரிவரியாக எழுதியிருந்தார். ரெயிலர் கொழுவும் குண்டு கூட வேண்டாம் என்று வெட்டியிருந்தார்.

நான் என் பழைய பழக்கத்தில் கேட்டேன்: "ஆர் ஓட்டப் போகினம்? என்னென்ன ஏத்துவினம்?"

"எல்லாம் பட்டியலில கிடக்கு" என்றார் ரண்டி. கிடந்தது. ஏற்றும் சாமானின் நிறையும் ஒரு வரியில் இருந்தது. பத்திரத்தில் மிச்சமிருந்த நிறைக்குள் அது அடங்கியது. கூட்டிப் பார்த்தேன், சரி. கையெழுத்தானது. மேலாளர் எல்லோருக்கும் கேக் வாங்கினார்.

எனக்கு மட்டும் ஏதோ குறைந்தது போல் இருந்தது. ஏழு வண்டி விற்றிருக்கிறேன், ஒருவர் கூட ஏறி உட்கார்ந்து பார்க்கவில்லை. யாரும் கதவை அறைந்து சத்தம் கேட்கவில்லை. யாரும் மனைவிக்குப் படம் அனுப்பவில்லை. விற்பனை நடந்ததா, இல்லையா என்றே பிடிபடவில்லை.

ஒப்படைக்கும் நாளில் அவர்களின் முற்றத்துக்குப் போனேன். ஓட்டப் போகிறவர்கள் வந்து நின்றார்கள். ஸ்டைனார் என்று ஒரு குழுத் தலைவர், ஐம்பது தாண்டியவர், காது வரை தாடி. அவர் என்னோடு கதைக்கவில்லை. பழைய வான் வண்டியிலிருந்து சாமான்களைப் புது வண்டிக்கு மாற்றத் தொடங்கினார். சங்கிலி வாள்கள், எரிபொருள், கயிறுகள், மரம் ஏறும் பட்டிகள், சக்கரச் சங்கிலி, ஒரு பெரிய இழுவை இயந்திரம். பிறகு அவரும் குழுவின் மற்ற இரண்டு பேரும் உள்ளே ஏறினார்கள். மூன்று பேரும் மலை மாதிரி ஆட்கள். வண்டியின் பின்பக்கம் மெதுவாகத் தாழ்ந்தது.

நான் அதைப் பார்த்தேன். இதை நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும்: நான் பார்த்தேன். தனி விற்பனையில் என்றால் உடனே, "கொஞ்சம் நில், இறங்கு, நிறுத்துப் பார்ப்போம்" என்றிருப்பேன். அங்கே என் வாய் திறக்கவில்லை. பட்டியல் சரி. ரண்டிக்குத் திருப்தி. கையெழுத்துப் போடாத ஆளிடம் நான் எதைச் சொல்வது? ஒருவேளை இந்த வண்டிகள் ஏற்றினால் இப்படித்தான் தாழுமோ? அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு வண்டியின் முன்பக்கச் சிறு பெட்டியிலும் என் பெயர் அட்டையை வைத்துவிட்டு வந்தேன். அது தனி விற்பனைப் பழக்கம். நிறுவன வண்டியில் யாரும் அப்படி வைப்பதில்லை என்று பிறகு மேலாளர் சொன்னார்.

குளிர்காலத்தின் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. முதல்நாள் முழுக்க ஈரப்பனி கொட்டியது. அது மரத்தில் ஒட்டினால் கல் மாதிரிக் கனக்கும். தனி விற்பனையில் ஆள் குறைந்ததால் அன்று நான் அங்கேயும் உதவிக்கு இருந்தேன், காலை பத்து மணிக்கு என் முன்னால் ஒரு கணவனும் மனைவியும் சிவப்பு வண்டி ஒன்றுக்குக் கையெழுத்துப் போட உட்கார்ந்திருந்தார்கள். தொலைபேசி அடித்தது.

"நீதானே இந்த வண்டியை வித்தது?"

ஸ்டைனார். நோர்வே மொழியில் எல்லோரும் எல்லோருக்கும் நீதான், மரியாதைக் குறைவில்லை. ஆனால் அன்றைய 'நீ' எனக்குச் சுட்டது.

"ஓம். என்ன நடந்தது?"

"றோட்டில மறிச்சு நிறுத்தினவை. நிறை கூடிப்போச்சாம். கூடின சாமானை இறக்காமல் அசையக்கூடாதாம். பனிக்குள்ள எங்க இறக்க? அங்கை ஒரு பண்ணையில கம்பிக்கு மேல மரம் விழுந்து நேற்றிலயிருந்து கரண்ட் இல்லை. பால் கறக்கிற மெஷின் வேலை செய்யேல்லை. அறுபது மாடு கத்துது. பண்ணைக்கார மனுசி பத்து நிமிசத்துக்கு ஒருக்கா எனக்குப் போன் அடிக்கிறா. ஒண்டு மட்டும் சொல்லு. இந்த வண்டியால இதைக் கொண்டுபோக ஏலுமோ, ஏலாதோ?"

ஏலும் என்றால் பொய்யில்லை. ஏலாது என்றாலும் பொய்யில்லை. எதைச் சொல்வது என்று தெரியாமல், "நான் திருப்பி உனக்குப் போன் எடுக்கிறன்" என்று வைத்துவிட்டேன்.

மேலாளரிடம் ஓடினேன். அவர் அமைதியாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, இதையும் நீங்கள் மனதில் வைக்க வேண்டும்.

"அந்த ஆள் எங்கடை வாடிக்கையாளர் இல்லை" என்றார். "வாடிக்கையாளர் அந்த நிறுவனம். அவரை ரண்டியோட கதைக்கச் சொல்லு. நீ அங்கை போனால் பிழை எங்கடை எண்டு ஒத்துக்கொண்ட மாதிரிப் போயிடும்."

"பிழை எங்கடையோ?"

"தெரியாது. அதுக்குத்தான் போகாதை எண்டுறன்."

ரண்டிக்குத் தொலைபேசி எடுத்தேன். கூட்டத்தில் இருக்கிறார் என்று குரற்பதிவு சொன்னது. திரும்பி மேசைக்கு வந்தேன். சிவப்பு வண்டிக்காரர் பேனாவைக் கையில் எடுத்திருந்தார். என்னை நம்பி வந்த, ஏறி உட்கார்ந்து பார்த்த, விளங்குகிற வாடிக்கையாளர். மறுபக்கம் வாடிக்கையாளரே இல்லாத ஒரு மனிதர் பனிக்குள் நிற்கிறார். எது என் வேலை என்று அந்த நிமிடத்தில் எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. கண்ணில் தெரிந்ததெல்லாம் அன்று தாழ்ந்த அந்தப் பின்பக்கம்தான்.

"மன்னிக்க வேணும், என்ரை சக ஊழியர் மிச்சத்தைப் பார்ப்பார்" என்று சொல்லி எழுந்தேன். கோட்டைப் போடும்போதே சிவநேசனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"சிவநேசன், உன்ரை ரெயிலர் எங்கை?"

"என்ரை பின்னாலதான் அக்கா. நாளைக்கு ஒரு கலியாணம். மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறன்."

விஷயத்தைச் சொன்னேன்.

"அறுபது மாடோ?" என்றான்.

"ஓம்."

"எவ்விடம் எண்டு அனுப்புங்கோ. வாறன்."

ஒஸ்லோவுக்கு வடக்கே அந்த இடத்தை நான் அடைந்தபோது அவன் எனக்கு முன்னமே வந்துவிட்டான். நிறை பார்க்கும் தரிப்பிடத்தில் ஒரு பெண் அதிகாரி கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் விருப்பமில்லாத வேலைதான், சட்டம் அப்படி. ஸ்டைனாரும் மற்ற இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, சிவநேசன் தன் ரெயிலரிலிருந்து பொன்னிறத் தூண்களை ஒவ்வொன்றாக இறக்கித் தன் பிக்கப்பின் பெட்டியில் அடுக்கினான். பனி விழுந்து பொன் நிறத்தில் கரைந்தது. இரண்டு தூண்களுக்கும் முன்பலகைக்கும் இடமில்லை. தூண்களைத் தரிப்பிடத்தின் ஓரத்தில் சாய்த்து வைத்து, மணவறையின் முன்பலகையை நான் எடுத்து வந்த விற்பனை நிலையக் காரின் பின் இருக்கையில் செருகினோம்.

"இது என்ன?" ஸ்டைனார் கேட்டார்.

"கலியாண மேடை" என்றேன்.

"ஆற்றை கலியாணம்?"

"எனக்குத் தெரியாது" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ரெயிலர் வெறுமையானது. கொழுவப் போனால் அவர் வண்டியில் குண்டு இல்லை. ரண்டியின் பட்டியலில் வெட்டப்பட்ட அதே குண்டு. சிவநேசன் தன் வண்டிக்குக் கீழே குனிந்து, ஊசியை இழுத்து, குண்டைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் வண்டியின் பின்னால் இருந்த வெறும் துளையில் செருகினான். இழுவை இயந்திரமும் எரிபொருளும் வாள்களும் ரெயிலருக்குப் போயின. அதிகாரி ஸ்டைனாரின் வண்டி, ரெயிலர், சிவநேசனின் வண்டி மூன்றையும் நிறுத்துப் பார்த்து, தலையாட்டினார்.

ஸ்டைனார் கதவைத் திறந்து ஏறும்போது என்னிடம் சொன்னார்: "நீ கேட்டிருக்கலாம்."

"ரண்டியிட்டைக் கேட்டனான்."

"என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

போய்விட்டார். அவர்கள் மரத்தை அகற்ற, மின்சாரக்காரர் கம்பியைச் சரிசெய்ய, பின்னேரம் நாலு மணிக்குப் பண்ணைக்கு மின்சாரம் வந்தது. மூன்று மாடுகளுக்கு மடி வீங்கிக் காய்ச்சல் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவை பிழைத்தனவா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. சிவநேசன் மிஞ்சிய இரண்டு தூணையும் எடுக்க நண்பனின் வான் வண்டியில் இன்னொரு தடவை வந்து போனான். அடுத்த நாள் கல்யாணத்தில் ஒரு தூணில் பொன் உரிந்திருந்த பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தானாம். யாரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை நான் ரண்டியின் அலுவலகத்துக்குப் போனேன். மேலாளருக்குச் சொல்லவில்லை. பட்டியலை நடுவில் வைத்து இருவரும் வரிவரியாகப் பார்த்தோம். வாள் சரி. கயிறு சரி. இயந்திரம் சரி. எரிபொருள் கூடச் சரி. கூட்டினால் வரவேண்டிய தொகை வந்தது. அப்படியென்றால் நிறை எங்கிருந்து கூடியது? இரண்டாம் தடவை கூட்டினோம். மூன்றாம் தடவை ரண்டி பேனாவை மேசையில் வைத்தார்.

"ஆக்கள்" என்றார்.

வண்டியின் பத்திரத்தில் ஓட்டுகிறவர் ஒருவருக்கு மட்டும்தான் நிறை சேர்த்திருப்பார்கள். மற்ற இரண்டு பேர் எங்கும் இல்லை. அவரின் பட்டியல் சாமானுக்கான பட்டியல். ஆட்களை விற்பவர் சேர்த்துக்கொள்வார் என்று அவர் நினைத்திருந்தார். வாங்குபவர் சேர்த்திருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். மலை போன்ற இரண்டு மனிதர்களை, அவர்களின் சப்பாத்து, தலைக்கவசம், சாப்பாட்டுப் பெட்டியோடு, நாங்கள் இரண்டு பேரும் காணாமல் விட்டிருந்தோம். இதில் யாருடைய பிழை எவ்வளவு என்று அன்று முழுக்கக் கதைத்தும் எங்களுக்கு முடிவு வரவில்லை. ரண்டி கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நீ றோட்டுக்குப் போனது நல்லது" என்றார். "ஆனால் நீ போனபடியால்தான் எங்கடை மேலிடத்துக்கு இது வண்டியின்ரை பிழை எண்டு படுது."

மேலாளர் சொன்னதும் அதுதானே. ஆக அவர் சொன்னதும் சரி, நான் செய்ததும் சரி, நடந்தது மட்டும் பிழை. நிறுவனம் ஏழு வண்டிக்கும் ரெயிலரும் குண்டும் வாங்கிக்கொண்டது. அடுத்த வருடம் வாங்க வேண்டிய ஒன்பது வண்டியை வேறு இடத்தில் வாங்கியது. என்னை மேலாளர் பழையபடி தனி விற்பனைக்கு அனுப்பினார். தண்டனையா என்று கேட்டேன். "நீ அங்கைதான் சந்தோசமாய் இருக்கிறாய்" என்றார். அது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. சிவப்பு வண்டிக்காரர் அன்று கையெழுத்துப் போடாமல் போயிருந்தார். திரும்பி வரவேயில்லை.

உங்களுக்கு ஏதாவது பயன்பட வேண்டும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு விற்கும்போது, கையெழுத்துக்கு முன், ஓட்டப் போகிற ஒருவரையாவது அவருடைய சாமானோடும் கூட்டாளிகளோடும் வரவழைத்து ஏற்றி, நிறுத்துப் பாருங்கள். கொள்வனவுப் பொறுப்பாளர் நேரமில்லை என்பார். உங்கள் மேலாளர் உனக்கேன் அந்த வேலை என்பார். இரண்டு பேரும் தங்கள் பக்கத்திலிருந்து சரியாகவே சொல்வார்கள். அப்போது என்ன செய்வது என்பதை என்னால் சொல்ல முடியவில்லை. வண்டி தாழ்வதைப் பார்த்தால் மட்டும் வாயைத் திறந்துவிடுங்கள்.

இப்படி எழுதினால் எனக்கே ஏதோ விளங்கிவிட்டது போல் இருக்கிறது. ஆனால் இன்னும் ஒன்று நடந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, ஒரு சனிக்கிழமை மதியம், காட்சிக் கூடத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்டைனார் வந்தார். கூடவே அவர் மனைவி, சின்ன உருவம், என் உயரம்தான். நான் எழுந்து நின்றேன். ஏதோ முறைப்பாடு என்று நினைத்தேன்.

ஸ்டைனார் நேரே போய் நடுவில் நின்ற வண்டியில் கை வைத்தார். அவர் வேலைக்கு ஓட்டிய அதே பெரிய பிக்கப், நீல நிறம்.

"இதுதான் வேணும்" என்றார்.

"உனக்கோ?"

"எனக்குத்தான். வேலையை விடுறன், முழங்கால் சரியில்லை."

"நாலு வருசம் இதைத் திட்டினாயே."

"ஒவ்வொரு நாளும் திட்டினனான்" என்றார்.

நான் என் பழைய கேள்வியைக் கேட்டேன். இந்த முறை கேட்க வேண்டிய ஆளிடமே கேட்டேன். "என்ன ஏத்தப் போறாய்?"

அவர் யோசித்தார். அவர் மனைவி முந்திக்கொண்டார். "நான் ஏறுவன். என்னையும் நிறுக்க வேணுமோ?"

மூவரும் சிரித்தோம். ஸ்டைனார் ஏறி உட்கார்ந்தார். கதவை ஒரு தடவை மூடி, திறந்து, திரும்ப மூடினார். கண்ணாடிக்குள்ளால் அவர் முகத்தைப் பார்த்தேன். தூணோடு வந்த சிவநேசனின் முகத்தில் கூட அப்படியொரு ஆசையை நான் பார்த்ததில்லை. இவருக்கு இதை விற்கலாமா, இந்த வண்டிதானே இவரைப் பனிக்குள் நிற்க வைத்தது, இவருக்குத் தெரியாதா, தெரிந்துமா என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதே இரும்பு. ஏழாக விற்றபோது ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. ஒன்றாக விற்கும்போது இப்படி.

பத்திரத்தை எடுத்து வைத்தேன். பெயர், விலாசம் எழுதினேன். என்ன தேவைக்கு என்று ஒரு கட்டம் இருந்தது.

"இதில என்ன எழுத?" என்று கேட்டேன்.

ஸ்டைனார் மனைவியைப் பார்த்தார். மனைவி ஸ்டைனாரைப் பார்த்தார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"வெறுமையாய் விடு" என்றார் ஸ்டைனார்.

விட்டேன்.